பறவையிடம் பொய் சொல்லலாமா?

உங்கள் வளவில் எப்போதாவது தாரா வளர்த்ததுண்டா? வளர்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். "குவாக், குவாக்" என்று ஊரைக் கூட்டுவது பெட்டைத் தாராதான். சேவலுக்குக் குரல் கம்மியது. தடிமன் பிடித்தவன் பேசுவதுபோல மெல்லக் கரகரப்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். அந்தியில் கூட்டுக்கு வராமல் நிற்கும் குஞ்சுகளை அழைப்பதும், பறந்து போகும் இனத்தாரைத் தரைக்கு இறக்குவதும் பெட்டையின் குரலே. நம் வளவுத் தாராக்களிற் பெரும்பாலானவை, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும் 'மல்லார்ட்' என்னும் காட்டுத் தாராவின் வழிவந்தவை. ஆகையால் நம் குசினிக்குப் பின்னால் கேட்கும் அதே குரல்தான், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் வெள்ளம் நிறைந்த காடுகளிலும் கேட்கிறது.

அங்கே மார்கழி மாதத்து விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். முழங்காலளவு குளிர்நீரில் மரத்தோடு சாய்ந்து ஒருவர் நிற்கிறார். மேலே காட்டுத் தாராக் கூட்டம் ஒன்று பறந்து செல்கிறது. அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கும் ஒரு சிறு மரக்குழலை வாயில் வைத்து ஊதுகிறார். உரத்து ஒன்று, பின்னர் தணிந்து தணிந்து நாலைந்து. கூட்டம் திரும்புகிறது. வட்டமிடுகிறது. மரக்கிளைகளுக்கிடையே இறக்கையை விரித்துக் கால்களை நீட்டி இறங்குகிறது. பிறகு துப்பாக்கிச் சத்தம்.

அந்தப் பறவைகளுக்கு அம்மனிதர் என்ன சொன்னார்? "இங்கே உங்கள் இனத்தாள் ஒருத்தி இருக்கிறேன். இரை உண்டு, பயமில்லை, வாருங்கள்" என்றல்லவா சொன்னார்! அது பொய்தானே? பறவையிடம் சொன்னதைப் பொய் என்று சொல்லலாமா? அதைவிடச் சிக்கலான இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தக் குழலை மாதக்கணக்காக, ஏன் ஆண்டுக்கணக்காக, தன் கையாலேயே கடைந்து, அராவி, செவியாற் சோதித்துச் செய்து கொடுத்த கைப்பணியாளனுக்கு இதிற் பங்கு என்ன? இவ்வாரம் இவ்விரண்டையும் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் அந்தக் குழலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செய்கிற விதம் தெரியாமல் செய்கிறவனை நியாயம் தீர்ப்பது முறையன்று.

சிறுவயதில் பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, பீப்பீ ஊதியிருப்பீர்கள். நாதசுரக் கலைஞர் நாணலாற் செய்த சீவாளியை எச்சிலில் நனைத்து வாயில் வைப்பதையும் திருவிழாக்களிற் கண்டிருப்பீர்கள். அழைப்புக் குழலின் இரகசியமும் இதுவே: காற்று போகும் வழியில் மெல்லிய நாக்கொன்று துடிக்க வேண்டும். குழல் இரண்டு துண்டுகளாலானது. வாயில் வைக்கும் பகுதி வெளிக்குழாய். அதனுட் செருகுவது அடைப்பு. அடைப்பின் உள்முனை பாதியளவு சீவப்பட்டு, நடுவில் காற்றுக்கு ஓர் ஓடை வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சீவிய முகத்தை நாதப்பலகை என்று சொல்லலாம். அதன்மேல் நாக்கை வைத்து, அடியில் தக்கைத்துண்டு ஒன்றை ஆப்பாக இறுக்கிவிடுவார்கள். இவ்வளவுதான் கருவி. மூன்று நான்கு அங்குலக் கட்டை ஒன்றைக் கடைச்சல் இயந்திரத்தில் ஏற்றிப் பெரும்பாலும் ஐந்தெட்டு அங்குலத் துளையிட்டு வடிவாக்குவது, பழகிய கைக்கு ஒரு மணித்தியால வேலை.

கடினம் முழுவதும் நாதப்பலகையில் இருக்கிறது. அதன் முகம் தட்டையாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு கீச்சிடும். வளைவு கூடினாற் காற்று வீணாகி இளைப்புக்காரனின் மூச்சுப்போல இரையும். நடுவில் எங்கோ ஓரிடத்தில், மெல்லிய தாளின் கனத்தை விடக் குறைந்த வித்தியாசத்தில், பெட்டைத் தாரா ஒளிந்திருக்கிறாள். அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார்; நாக்கை வைத்து ஊதுவார்; கழற்றி மீண்டும் ஓர் இழுப்பு. ஓரிழுப்புக் கூடினாற் போயிற்று. அராவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தத் துண்டு குப்பைக்குத்தான். மூச்சின் ஈரத்தால் மரம் ஊதி அடைப்பு இறுகுவதும் உண்டு. காய்ந்து போய்க் குழாய் வெடிப்பதும் உண்டு. அதற்காகவே வாயோரத்தில் உலோக வளையம் மாட்டுகிறார்கள்.

எந்த மரம்? வால்நட், செரி, செவ்வகில் போன்ற சீடர் ஆகியவை அந்நாட்டில் வழமையானவை. 'ஓசேஜ் ஒறேஞ்' என்னும் மஞ்சள் மரம் ஒன்றும் கைவினைஞருக்கு மிகப் பிரியமானது. அது நமது பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அறுத்தாற் பலாவைப் போலவே மஞ்சளாக இருக்கும். கிளாரினெற் செய்யும் ஆபிரிக்கக் கருமரத்தை விலை கொடுத்து வாங்கிக் கடைபவர்களும் உண்டு. லூசியானாவிலோ நாணற் தண்டே குழாயாகிறது. நாக்கு ஒரு காலத்தில் பித்தளைத் தகடு; பிறகு வன்றப்பர்; இன்று பெரும்பாலும் 'மைலார்' என்ற செயற்கைத் தகடு. பித்தளை நாக்குக்குப் பேர்போன இடம் டெனசி மாநிலத்தின் ரீல்பூட் ஏரி. 1811, 1812-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சிகளால் நிலம் தாழ்ந்து உண்டான ஏரி அது. அதன் கரையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்டர் குளோடோ என்பவர் தகட்டைத் தட்டி வளைத்துச் செய்த குழலின் மரபு இன்றும் அவ்வேரியின் பெயராலேயே வழங்குகிறது.

அதற்கு முன்னரே, 1870-இல், டிட்றொயிற் நகரத்து ஈலம் ஃபிஷர் என்பவர் அழைப்புக் குழலொன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலினோய் மாநிலத்தின் பீக்கின் நகரைச் சேர்ந்த பிலிப் ஓல்ற், வன்றப்பரில் வார்த்த குழல்களைத் தொழிற்சாலை முறையிற் செய்து மலிவாக விற்கத் தொடங்கினார். யாரும் இரண்டொரு டொலருக்கு வாங்கலாம் என்றானபின் கையால் மரங்கடைவது அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. இன்றும் அமெரிக்காவிற் பலர், ஓய்வுபெற்ற பின் பின்வளவுப் பட்டறையில் இதையே செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய குழல்களைச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். (ஊதுவதற்கென்றே பிறந்த ஒன்று ஒருநாளும் ஊதப்படாமற் பெட்டியிற் கிடப்பது எனக்கென்னவோ சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

ஆர்க்கன்சோவில் நெல் விளையும் சமவெளியில் ஸ்ருட்கார்ட் என்றொரு சிறுநகர் உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் நீர் நிற்பதால் தாராக்கள் இலட்சக்கணக்கில் வந்திறங்கும் ஊர். 1936 தொடக்கம் அங்கே தாராவை அழைக்கும் உலகப் போட்டி நடக்கிறது. முதலாண்டுப் பரிசு 6 டொலர் 60 சதம் பெறுமதியான ஒரு வேட்டைச் சட்டை! 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளிலும் பற் பீக்கொக் என்ற பெண்மணி ஆண்களையெல்லாம் வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். பெட்டைத் தாராவின் குரலைப் பெண்ணொருவர் எழுப்பி வென்றது பொருத்தமே. அப்போட்டியில் தீர்ப்புச் சொல்லுவோர் மனிதர்கள். தாரா ஒன்றுகூட நடுவர் மேசையில் இல்லை என்பதை அவ்வூர் வேட்டைக்காரரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

இனி நமது கேள்விக்கு வருவோம்.

பொய்யைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் அளவுக்குக் கண்டிப்பாக எழுதியவர் வேறெவரும் இல்லை எனலாம். ஏறக்குறைய 395-இலும் 420-இலும் இதற்கென்றே இரண்டு நூல்கள் எழுதினார். மனதில் ஒன்றிருக்க, ஏமாற்றும் எண்ணத்தோடு வாயால் வேறொன்று சொல்வது பொய். எக்காரணத்துக்காகவும் அது ஆகாது என்பது அவர் முடிபு. ஆனால் அவர் பேசுவது மனிதர் மனிதரிடம் சொல்லும் சொல்லைப் பற்றி. தாராவின் கரைதல் சொல்லா? அதற்கு உண்மை, பொய் என்ற வேறுபாடு தெரியுமா? தெரியாத ஒன்றிடம் பொய் சொல்வதெப்படி? பனங்கொட்டையிடம் பொய் சொல்ல முடியாதல்லவா?

இவ்வாறு கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். பலர் போகிறார்கள். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மன்னாரிலும் பாசையூரிலும் நமது மீனவர் தூண்டிலில் இரை கோத்துக் கடலில் விடுகிறார்கள். அது ஏமாற்று என்று எவரும் சொல்வதில்லை. நானும் சொல்லமாட்டேன். இரையும் ஏமாற்றுத்தான் என்றாலும் அது பிடிப்பது மீனின் பசியை. அழைப்புக் குழல் பிடிப்பது பசியையன்று. தன் இனத்தின்மேல் பறவை வைத்திருக்கும் நம்பிக்கையை. கூட்டமாக வாழும் உயிர்களுக்கு அந்த நம்பிக்கையே உயிர்க்காப்பு. நூறு கண்களில் ஒரு கண் பருந்தைக் கண்டாற் போதும், நூறும் எழுந்துவிடும். இரையிருக்கும் இடத்தை ஒன்று சொன்னாற் போதும், நூறும் உண்ணும். பறவைக்குப் பேச்சு என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். அதைக் களவெடுத்து அதன்மேலேயே திருப்புவது, மண்புழுவைக் கொளுவியில் மாட்டுவதோடு ஒன்றாகாது என்றே என் உள்ளம் சொல்கிறது.

இங்கே ஒரு முரண்பாட்டையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் சட்டம் நான் போட்ட கோட்டுக்கு நேர் எதிராகக் கோடு போட்டிருக்கிறது! தானியம் தூவித் தாராக்களைக் கூட்டிச் சுடுவதை 1935-இல் அந்நாடு தடைசெய்தது. குழல் ஊதுவதைத் தடைசெய்யவில்லை. இரை கூடாது, பொய்க்குரல் கூடும்! ஏன்? அக்காலத்து நிலைமையை அறிந்தாற்தான் இது விளங்கும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சந்தைக்காகச் சுடுவோர் இருந்தனர். தோணியிற் பூட்டிய பெருந்துப்பாக்கியால் ஒரே வெடியிற் பல பறவைகளை வீழ்த்திப் பீப்பாய்களில் அடைத்துப் புகையிரதத்தில் நகரங்களுக்கு அனுப்பினர். 1918-இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்து அந்த வியாபாரத்தை நிறுத்தியது. பிறகு 1930-களில் பெரும் வரட்சி, சதுப்பு நிலங்கள் வற்றின, பறவைகள் குறைந்தன. 1935-இல் இரை தூவுவதும், உயிருள்ள தாராவைக் கட்டிவைத்து அழைப்பதும் ஒருங்கே நிறுத்தப்பட்டன. குரலை ஒலிப்பதிவு செய்து இயந்திரத்தால் ஒலிபரப்புவதும் பின்னர் தடைசெய்யப்பட்டது. மிதமிஞ்சிப் பெருகிய வெண் வாத்து இனங்களைக் குறைப்பதற்காக மட்டும் 1999-இல் அதற்கு விலக்களிக்கப்பட்டது. எஞ்சியது மரமும் மனிதனின் மூச்சும்.

சட்டம் பார்த்தது இதுதான்: பறவைக்குத் தப்பும் வழி எவ்வளவு இருக்கிறது? தூவிய நெல்லை எந்தத் தாராவும் மறுப்பதில்லை. இயந்திரம் களைப்பதில்லை, பிழைவிடுவதில்லை. மனிதனோ பிழைவிடுகிறான். மூச்சு முட்டுகிறது, நாக்கு ஒட்டுகிறது, ஒரு பிசகிய சத்தம் போதும், கூட்டம் உயரே ஏறிப் போய்விடும். கையாற் செய்த குழலின் குறைபாடே பறவைக்குக் கிடைத்த பாதுகாப்பு. இதைச் சட்டமியற்றியோர் அறம் என்று எண்ணிச் செய்தார்களா, எண்ணிக்கையைக் கருதிச் செய்தார்களா என்றால் பின்னதே பெரும்பாலும் உண்மை. ஆயினும் அதில் ஓர் அறம் தங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உயிருள்ள தாராவைக் கட்டி அழைப்பது நமக்குப் புதிதன்று. 'பார்வை' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பழைய நூல்களில் இப்படியும் ஒரு பொருள் உண்டு: பிற விலங்கைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்த விலங்கு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்திற் கட்டுண்டு நிற்பது அத்தகைய பார்வை மானே. நற்றிணையிலும் பார்வை வைத்து வலைவிரிக்கும் வேட்டுவனுக்கு அஞ்சும் பறவையைக் காணலாம். ஒல்லாந்திலோ குளத்தைச் சுற்றி வளைந்த வாய்க்கால்கள் வெட்டி, வலைக்கூண்டு அமைத்து, பழக்கிய தாராக்களைக் கொண்டு காட்டுத் தாராக்களை உள்ளே இழுத்தனர். ஆங்கிலத்தில் ஏமாற்றுப் பறவையைக் குறிக்கும் 'டெக்கோய்' என்ற சொல்லே அந்த ஒல்லாந்தக் கூண்டின் பெயரிலிருந்து பிறந்ததென்பர். அழைப்பதற்காகவே சிறிய உடலும் பெரிய வாயுமாக ஓர் இனத்தையே வளர்த்தெடுத்தார்கள். திருமறை வாசகர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். சீராக் ஆகமத்தின் 11-ஆம் அதிகாரம் செருக்குற்றவனின் உள்ளத்துக்கு உவமையாகத் தேர்ந்தெடுத்தது, கூண்டில் வைத்த பார்வைக் கவுதாரியை.

கூண்டிலிருக்கும் கவுதாரிக்குத் தான் துரோகம் செய்கிறோம் என்பது தெரியாது. அது தன் இனத்தைக் கண்ட ஆவலிற் கூப்பிடுகிறது. அதன் கள்ளமற்ற குரலையே மற்றவன் கண்ணியாக்குகிறான். இதனோடு ஒப்பிட்டால், மரக்குழலை ஊதுபவர் ஒருபடி நேர்மையானவர் என்பேன். வேறோர் உயிரைத் துரோகியாக்காமல், அந்தப் பாத்திரத்தைத் தாமே ஏற்கிறார். தம் மூச்சாலேயே அதைச் செய்கிறார்.

அதுமட்டுமன்று. அதைச் செய்வதற்கு அவர் கேட்க வேண்டும். குழல் செய்பவனும் ஊதுபவனும் வருடக்கணக்காக நீரருகே சும்மா இருந்து பெட்டைத் தாராவைக் கேட்கிறார்கள். தூரத்திற் போகும் கூட்டத்தைக் கூப்பிடும் குரல் வேறு, வந்துகொண்டிருப்போரை வரவேற்கும் குரல் வேறு, மனம் மாறித் திரும்பிப் போவோரை மறுகால் அழைக்கும் குரல் வேறு, இரை பொறுக்கும்போது தனக்குள்ளே முணுமுணுக்கும் குரல் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். நாம் அயல் வீட்டாரின் குரலைக்கூட இவ்வளவு கூர்ந்து கேட்பதில்லை. இத்தனை கவனமாக ஒன்றைக் கேட்பது அன்புக்கு மிக அண்மையிலிருக்கும் செயல். அந்தச் செவியும் சுடும் கையும் ஒரே உடலில் இருப்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது.

வேட்டைக்காரர் இதற்கு மறுமொழி வைத்திருக்கிறார்கள். அறிந்தவனே காப்பான் என்பார்கள். அதில் உண்மையுண்டு. 1934 முதல் அமெரிக்காவில் தாரா வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். முதல் முத்திரையின் விலை 1 டொலர். படம் வரைந்தவர் கேலிச்சித்திரக்காரர் டார்லிங். அப்பணத்தாற் சதுப்பு நிலங்கள் வாங்கிக் காக்கப்படுகின்றன. 1937-இல் வேட்டைக்காரரே கூடி அமைத்த சங்கமொன்றும் இதே பணியைச் செய்கிறது. சுடாதவர்களைவிடச் சுட்டவர்களே கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்ற கசப்பான உண்மையை மறுக்க முடியாது.

நாமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடையில் உரித்த கோழி வாங்குகிறோம். அது பொறிப்பெட்டியிற் பொரித்தது. அதை யாரும் ஏமாற்றி அழைக்கவில்லை. ஏமாற்றுவதற்குக் கூட அது ஒருநாளும் தாயின் குரலைக் கேட்டதில்லை. ஆர்க்கன்சோவின் தாராவோ கடைசி நிமிடம் வரை வானத்திற் பறந்தது. இவ்விரண்டில் எது கொடுமை என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையிலிருந்து மறுமொழி சொல்ல நான் தயங்குவேன்.

இனிக் கைப்பணியாளனிடம் வருவோம். புனித அக்குவினாஸ் தோமையார் தமது இறையியற் பெருந்தொகுப்பில், பெண்களின் அலங்காரத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் (இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 169-ஆம் வினா), எதிர்பாராத விதமாக இதே கேள்வியைத் தொடுகிறார். நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய பொருளைச் செய்பவன், உதாரணமாக வாளும் அம்பும் செய்பவன், அத்தொழிலாற் பாவம் செய்வதில்லை என்பது அவர் கருத்து. பெரும்பாலும் தீமைக்கே பயன்படுவதாயின் ஆள்வோர் அத்தொழிலை அகற்ற வேண்டும் என்கிறார். இந்த அளவுகோலால் அளந்தால் குழல் செய்பவன் தப்பிவிடுகிறான். உண்பதற்காக விலங்கைக் கொல்வதை அவர் தவறென்று சொல்வதில்லை. குழல் யாரையும் கொல்வதுமில்லை.

இருந்தும் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. நாதசுரம் செய்பவனின் வெற்றி, இசை இனிமையாக இருந்தாற் போதும். வாள் செய்பவன் கூட, வாள் உறையிலேயே கிடந்தாலும் நல்ல வாள் செய்தவனாவான். குழல் செய்பவனுக்கு மட்டும், ஒரு தாரா ஏமாந்தாலன்றி, தன் வேலை சரியாக அமைந்ததென்று தெரியாது. "நான் வெறும் ஊதுகுழல்தான் செய்தேன்" என்று அவன் சொல்ல முடியாது. அவன் அராவிய ஒவ்வோர் இழுப்பும் அந்த ஏமாற்றத்தை நோக்கியே சென்றது. ஆனாற் பாருங்கள், அதே வேலையில் அவன் மரத்திடம் ஒரு பொய்யும் சொல்ல முடியாது. வளைவு பிழையென்றாற் பிழைதான், மெருகு பூசி மறைக்கலாகாது, ஊதினால் வெளிவந்துவிடும். முழுக்க முழுக்க நேர்மையான உழைப்பால் ஆன ஒரு பொய். இதை எந்தப் பெட்டியிற் போடுவது?

தோமையாரிடமே மீண்டும் போவோம். போரிற் பதுங்கியிருந்து தாக்கலாமா என்ற கேள்விக்கு (அதே பகுதி, 40-ஆம் வினா) அவர் நுட்பமான வேறுபாடு காட்டுகிறார். நமது எண்ணத்தைப் பகைவனுக்கு வெளியிடாமல் மறைப்பது வேறு, அது ஆகும். பொய் சொல்வதோ, கொடுத்த வாக்கை மீறுவதோ வேறு. பகைவனிடத்தும் அது ஆகாது. வேட்டைக்காரன் மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்பது முதல்வகை. குழல் ஊதுவது எவ்வகை? தாராவோடு நாம் உடன்படிக்கை செய்ய முடியாது, பகுத்தறிவற்ற உயிரோடு நட்புக் கொள்ளவும் முடியாது என்று தோமையாரே வேறிடத்திற் சொல்கிறாரே என்பீர்கள். சரிதான். ஆயினும் அழைப்பு என்பது தன்னளவில் ஒரு வாக்குறுதியன்றோ? "வா" என்று சொல்பவன், வருகிறவருக்கு ஏதோ ஒன்றுக்குக் கடமைப்படுகிறான்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு நூலின் கதை. 1973-இல் நொபெல் பரிசு பெற்ற ஒஸ்திரிய அறிஞர் கொன்றாட் லோறன்ஸ், மல்லார்ட் குஞ்சுகள் தம்மை ஏன் தாயாக ஏற்கவில்லை என்று ஆராய்ந்தார். வாத்துக் குஞ்சுகள் ஏற்றனவே, இவை ஏன் ஓடுகின்றன? தாயின் குரல்தான் காரணமோ என்று எண்ணி, பொரித்தவுடனே பெட்டைத் தாராவைப்போலக் கரையத் தொடங்கினார். குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொண்டன. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, புல்வெளியிற் குந்தியபடி தவழ்ந்து தவழ்ந்து கரைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் வேலிக்கு மேலாக வழிப்போக்கர் வரிசையாக நின்று திகைத்துப் பார்க்கிறார்கள். உயர்ந்த புல் மறைத்ததால் குஞ்சுகள் அவர்கள் கண்ணிற் படவில்லை! ஆனால் அவரால் எழுந்து போகவோ வாயை மூடவோ முடியவில்லை. சிறிது ஓய்ந்தாலும் குஞ்சுகள் தாயைக் காணாத ஏக்கத்தில் அழத் தொடங்கிவிடும்.

இவரும் எழுப்பியது பொய்க்குரலே. இவரும் தாராவல்லர். ஆனால் அழைத்ததற்கான விலையை அவர் கொடுத்தார். வெட்கத்தை விட்டு, முழங்கால் நோக, தொண்டை வரள, சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆர்க்கன்சோவின் நீரில் நிற்பவரும் அதே குரலைத்தான் எழுப்புகிறார். வந்தவர்களுக்கு அவர் கொடுப்பது வேறு.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்பீர்களாயின், பட்டறையில் இருப்பவனைக் குற்றவாளி என்று சொல்ல நான் துணியேன். பறவையிடம் சொன்னது கட்டளையை மீறிய பொய் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே கடன் ஒன்று ஏற்படுகிறது என்பேன். சுட்டதை உண்ணாமல் எறிபவன் அந்தக் கடனை மறுக்கிறான். எண்ணிக்கைக்கு மேற் சுடுபவனும் அப்படியே. சோடி தேடும் வசந்த காலத்தில் அழைத்துச் சுடுவதை அந்நாட்டுச் சட்டம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. பெட்டையின் குரல் மிக ஆழமாகப் பாயும் காலம் அதுவாகையால், இதை எண்ணிக்கைச் சட்டம் என்று மாத்திரம் கருத எனக்கு மனமில்லை. கூட்டிற் குஞ்சையோ முட்டையையோ எடுப்பவன் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் விதித்த எல்லையும் இதே வகையானது. கொல்வதை விலக்காமல், கொல்பவனின் கையை ஓரிடத்தில் நிறுத்துகிறது. ஈயக் குண்டுகள் சேற்றிற் கிடந்து, அவற்றை இரையென்று விழுங்கிய பறவைகள் நஞ்சேறிச் சாவதைக் கண்டு, 1991-இல் அந்நாடு நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடைசெய்ததையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்துக் கதை என்று நீங்கள் எண்ணலாம். ஐப்பசி பிறந்தால் நம் மன்னார் வங்காலையிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் ஊசிவால் தாராக்கள் வட ஆசியாவிலிருந்து வந்திறங்குகின்றன. வங்காலை 2008-இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே ஊதுவார் இல்லை, நல்லது. ஆனால் அயலிலேயே வேறு அழைப்புகள் கேட்கின்றன. அண்மைக் காலமாகப் பிள்ளையின் குரலை இயந்திரத்தாற் போலிசெய்து, தொலைபேசியிற் தாயை அழுது அழைத்துப் பணம் பறிப்போர் பல நாடுகளிலும் தோன்றியுள்ளனர். அவர்களுக்கு ஒரு வருடம் நீரருகே காத்திருந்து கேட்கும் பொறுமையும் தேவையில்லை, அரமும் தேவையில்லை. குரலின் சில விநாடித் துண்டு போதும். சட்டம் தாராவுக்காகத் தடுத்த இயந்திரம், நம் தாய்மாரிடம் வந்துவிட்டது.

குழல் செய்பவனின் பட்டறைக்கே திரும்பி முடிக்கிறேன். தை மாதம் பிறந்து வேட்டைப் பருவம் முடியப்போகும் நாட்களில், எஞ்சியிருக்கும் தாராக்கள் எல்லாக் குழல்களையும் கேட்டுவிட்டவை. வடக்கே கனடா எல்லையிலிருந்து தெற்கே வரும் வழியெல்லாம் அவற்றை அழைத்திருக்கிறார்கள். இப்போது நல்ல குழலைக் கேட்டாலும் உயரத்திலேயே இரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். அப்போது பழுத்த வேட்டைக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் அராவி, செவி வைத்துச் சரிபார்த்த அந்த மஞ்சள் மரக்குழல் கழுத்துக் கயிற்றில் வெறுமனே தொங்கும். அவர் மரத்தோடு மரமாய் நின்று, நீரில் அலை எழும்பட்டும் என்று, காலை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார்.